நிற்கிற உடம்புக்குத்தான் அளவு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓர் இதழின் ஆசிரியர் தொலைபேசியில் கதை கேட்டார். அக்கா வீட்டில் இருக்கிறேன், அவளுடைய நாய்க்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள், அதைப் பற்றி எழுதட்டுமா என்றேன். அவர் குரலில் அப்படியொரு மலர்ச்சி.

"அருமைங்க. கடைசியில செத்துடும்ல?"

சாகாது என்றேன்.

"அப்ப வாசகர்கள் எதுக்குங்க அழுவாங்க?"

வாசகரே, உங்களை அழவைப்பதற்காக ஒரு நாயைக் கொல்லும் உத்தேசம் எனக்கில்லை. அழுதே தீர வேண்டுமென்றால் வெங்காயம் உரியுங்கள்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்.

'மூன்று கால்களோடு அது தன் முதல் சூரியோதயத்தை...' (அடித்துவிட்டேன். நாய் எங்கே சூரியோதயம் பார்த்தது? யார் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்.)

'அதன் கண்களில் ஒரு கேள்வி...' (கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. மயக்கமருந்து.)

'தடியன் என்று கூப்பிட்டால்...'

இது தேவலை. நாயின் பெயர் தடியன். நாற்பத்தாறு கிலோ, எட்டு வயது. இடது முன்னங்கால் எலும்பில் கட்டி வந்து, காலைத் தோளோடு எடுத்துவிட்டார்கள். அக்கா தையற்காரி. மாடிவீட்டில் தனியாக இருக்கிறாள், போதாததற்கு இடுப்புவலி. அவள் வாசலிலிருந்து தெருவுக்குப் பதினேழு படி. எனக்கு இரண்டு வாரம் விடுப்பு. அதற்குள் அவள் ஒற்றை ஆளாகத் தடியனைக் கீழே இறக்கவும் மேலே ஏற்றவும் பழகிவிட வேண்டும். முடியாவிட்டால் அவனை யாரிடமாவது கொடுக்க வேண்டியதுதான். மூன்று காலும் இவ்வளவு பெரிய உடம்புமாக வருகிறவனை யார் வாங்குவார்கள்? கதையில் என்ன சிக்கல் என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பதினேழு படிதான்.

எத்தனை நாள் இருப்பான் என்று மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். "நாள் எண்ணறதுக்காடா நாய் வளர்க்கறோம்?" என்று அக்கா கேட்டாள்.

3

கீழ்வீட்டுக்காரர். அறுவைசிகிச்சைக்கு முந்தைய நாள் அவர் மாடியேறி வந்து, "பேசாம ஊசி போட்டு அனுப்பிடலாம். அவனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி" என்றார்.* சொல்லும்போது பல் குத்திக்கொண்டிருந்தார். குரலில் இரக்கம் வழிந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

(* இந்தப் பத்தியில் ஏதோ இடிக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

4

தரை வழுவழு ஓடு. முதல் நாளே கடையில் ரப்பர் விரிப்பு வாங்கி, கட்டிலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை ஒரு பாதை போட்டோம். குனிந்தால் குப்புற விழுவான் என்று கிண்ணத்தை முக்காலியில் ஏற்றினோம். அதுவரை சரி. அதற்குப் பிறகு நான் புத்திசாலித்தனம் செய்தேன். எங்கேயோ படித்த ஞாபகத்தில், ஒரு துண்டை அவன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து இரு முனையையும் பிடித்துத் தூக்கினேன். பின்பக்கம் எழும்பியது. முன்பக்கம் தாங்க ஒரே கால். தடியன் மூக்குக் குத்தி விழுந்தான்.

மருத்துவமனையில் கட்டு மாற்றும் பெண்ணிடம் போனில் சொன்னேன்.

"அது பின்னங்கால் போனவங்களுக்கு சார். உங்களுக்குப் போனது முன்னங்கால். நெஞ்சுக்குக் கீழதான் தாங்கணும்."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாகிவிட்டது. அதன்பிறகு இரண்டு நாள் அவன் எழவே இல்லை. படுத்த இடத்திலேயே எல்லாம். வெட்கப்பட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். (நாய்க்கு வெட்கம் உண்டா என்று ஆசிரியர் கேட்கலாம். வந்து பார்க்கட்டும்.)

நெஞ்சைத் தாங்க ஒரு கச்சை தைக்கிறேன் என்றாள் அக்கா. நல்லதாகப் போயிற்று, படுத்துத்தானே இருக்கிறான், அளவு எடுத்துக்கொள் என்றேன். அவள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிக்கற உடம்புக்குத்தான் நான் அளவு எடுப்பேன். படுத்த உடம்புக்கு அளவெடுக்கற வேலை வேற ஆளுங்களோடது."

கொஞ்சவில்லை, பிஸ்கட் காட்டவில்லை. வாடிக்கையாளருக்குக் காத்திருப்பதுபோல வெட்டுமேசை ஓரமாக நின்றாள். இடையில் ஒரு ரவிக்கைக்குக் கொக்கிகூட வைத்து முடித்தாள். அரைமணி நேரம் கழித்து, எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில், "நேரா நில்லுங்க" என்றாள்.

தடியன் முதலில் பின்பக்கத்தைத் தூக்கினான். விழுந்தான். மறுபடி தூக்கினான். மேசைக்காலில் தோளைச் சாய்த்துக்கொண்டு, நடுங்கியபடி நின்றுவிட்டான். அவள் அவசரப்படவே இல்லை. நெஞ்சு, கழுத்து, வயிறு. எண்களை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எனக்குக் கண் கலங்கியது. அவளுக்குக் கலங்கவில்லை.

(இங்கே, இல்லாத காலின் நிழல் தரையில் விழுவதாக ஒரு வரி இருந்தது. அக்கா தைக்கும்போது, இடதுபக்கமும் ஓட்டை விட வேண்டாமா என்று கேட்டேன். "இல்லாத காலுக்கு எதுக்குடா துணி?" என்றாள். நிழலையும் எடுத்துவிட்டேன்.)

5

பழைய ஜீன்ஸ் துணி, உள்ளே பஞ்சு, முதுகில் பிடித்துக்கொள்ளப் பயணப்பையின் வார். கச்சை கச்சிதமாக அமைந்தது. படி மட்டும் படியவில்லை.

ஏறுவது அவனுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை, பின்னங்கால்கள் தள்ளிவிடும். இறங்கும்போதோ மொத்த உடம்பும் அந்த ஒற்றை முன்னங்காலில் வந்து விழும். வாரைப் பிடிப்பவர் லேசாகப் பின்னால் இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது வரவில்லை. பயத்தில் தூக்கிவிடுவேன். தூக்கியதும் தடியன் நடப்பதை விட்டுவிட்டுப் பொட்டலம்போலத் தொங்குவான்.

"நீ தூக்கற வரைக்கும் அவன் நடக்க மாட்டான். எனக்கும் பழகாது" என்றாள் அக்கா.

பன்னிரண்டாம் நாள் நாங்கள் இருவரும் பிடிக்க ஒன்பது படி இறங்கினான். அவள் தனியாகப் பிடித்தபோது மூன்று. நான்காவதில் உட்கார்ந்துகொண்டான்.

6

இதுவரை எழுதியதை அக்கா எடுத்துப் படித்தாள். மூன்றாம் பகுதிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"கீழ்வீட்டுக்காரர் எப்படா அப்படிச் சொன்னாரு? பாவம், அந்த மனுஷன் படிக்குப் படி ரப்பர் வெட்டி ஒட்டிக் குடுத்தாரு."

தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"ஊசி போட்டுடலாம்னு போன்ல சொன்னது நீ."

உண்மை. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, 'அவனுக்கும் நிம்மதி' என்றவன் நான்தான். என் வாயில் வந்ததை ஒரு நல்ல மனிதர் வாயில் திணித்து, பல் குத்தும் பழக்கத்தையும் இலவசமாகக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. திருத்திவிடுகிறேன் என்றேன்.

"திருத்தாத. அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ நீ சொன்னதையும் எழுது. போனை வெக்கறதுக்கு முன்னாடி நான் உன்னைத் திட்டினேன் பாரு, அதையும் எழுது."

திட்டினாள். அந்த வார்த்தைகளை எந்த இதழும் அச்சிடாது.

7

முடிவுகள்.

(அ) ஆசிரியர் கேட்டது. கிடையாது.

(ஆ) தடியன் ஒரே மூச்சில் பதினேழு படியும் தாவி இறங்கி, புல்வெளியில்... (இங்கே புல்வெளியே இல்லை. குப்பைத்தொட்டி இருக்கிறது, அதுதான் அவனுக்கும் பிடிக்கும்.)

(இ) 'வாசகரே, முடிவை உங்கள் கையில் விடுகிறேன்.' இதை மட்டும் கொஞ்சம் பெருமையோடு அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவங்க கையில எதுக்குடா குடுக்கற? வாரு என் கையிலதானே இருக்கு?"

8

இன்று விடுப்பு முடிகிறது. காலை எட்டேகால். ஒன்பதுக்குப் பேருந்து. "பையை எடுத்துக்கிட்டு நீ கீழ போ. ஏறி வந்தா காலை ஒடிச்சுடுவேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் அதைக் கேட்டுச் சிரிக்கவா முடியும்? ஆனால் நாங்கள் இருவரும் சிரித்தோம்.

கடைசிப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேலே திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் சத்தம். ரப்பரில் நகம் உரசும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

நின்றுவிட்டது.

பயமாக இருக்கிறது. ஓடிப்போய்ப் பிடிக்கலாம், நான்கே தாவலில் மேலே போய்விடுவேன். பிடித்தால் நாளைக்கு யார் பிடிப்பார்கள்? பேனாவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மேலே அக்கா மூச்சு வாங்குவது கேட்கிறது. தடியன் மூச்சு அதைவிடச் சத்தமாகக் கேட்கிறது. உட்கார்ந்துவிட்டானா, நிற்கிறானா, இங்கிருந்து தெரியவில்லை. தெரிந்தாலும் ஆசிரியருக்கு நான்

"டேய்! வழியில உக்காந்துகிட்டு என்னடா எழுதற? எழுந்து தள்ளி நில்லு. நாங்க வரணும்ல?"

எழுந்துவிட்டேன். வாசகரே, நீங்களும் கொஞ்சம் ஒதுங்குங்கள்.