அனுமதி பெறப்பட்டது

2017 செப்டெம்பர் 14, வியாழன்

இன்று ஒரு சிறு பிழை விட்டேன். நான் வழிகாட்டியாகப் போகும் குழுவின் பயணத் தாளில் ‘கலஹா வீதி, தேயிலை மலை, 20 நிமிடம்’ என்ற வரிக்கு எதிரே ‘அனுமதி பெறப்பட்டது’ என்று எழுதினேன். உண்மையில் நான் கேட்டது அங்கே கொழுந்து பறிக்கும் மூக்காயி பெரியம்மாவிடம் மட்டும்தான். மலை வேலையை மேற்பார்க்கும் வீரய்யா கணக்குப்பிள்ளையிடம் கேட்கவில்லை. சிறு பிழை என்று மேலே எழுதியதும் சரியா என்று தெரியவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

குழுவில் இருபத்திரண்டு பேர். தமிழ்நாட்டில் ஒரே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவர்கள். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒரே மஞ்சள் டீசேர்ட், நெஞ்சில் ‘1986 அணி’. கண்டியிலிருந்து பஸ் புறப்பட்டதும் பேராசிரியர் இளங்கண்ணன் பழைய வகுப்பு இலக்கங்களைக் கூப்பிட, ஒவ்வொருவரும் “உள்ளேன் ஐயா!” என்று கத்தினார்கள். முதல் நாள் எனக்கும் சிரிப்பு வந்தது. இன்று மூன்றாம் நாள்.

பெரியம்மாவிடம் நான் சொன்னது, “போட்டோவுக்கு ஆளுக்கு ஒரு கொழுந்து கிள்ளுவாங்க” என்று. அவர் கூடையை இறக்கி வைத்தார். ஒரு கொழுந்தைக் கிள்ளி, “ரெண்டு இலையும் மொட்டும். அதுக்குக் கீழ கை போகக் கூடாதுங்க” என்று காட்டினார்.

“அம்மா, நாங்க தாவரவியல்ல முதுகலை” என்றார் இளங்கண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு யாரோ, “டேய், கிழக்கு விடுதியா, மேற்கு விடுதியா பாத்துருவோம்!” என்று கூவினார். அவ்வளவுதான். பெரியம்மாவின் கூடை கிழக்குக்கு, பக்கத்து நிரைக் கறுப்பாயியின் வெறுங்கூடை மேற்குக்கு. பிடிபிடியாக உருவினார்கள். முத்தல் இலை, காம்பு, குச்சி எல்லாம் போனது. பஸ்ஸில் வடை தின்ற எண்ணெய்க் கை. ஒருவர் கடித்த மீதி வடையையும் கூடைக்குள் போட்டுவிட்டுக் கையைத் தேயிலைச் செடியில் துடைத்தார். பெரியம்மா அதை எடுத்து வெளியே வீசினார். “போதும் சேர்” என்று இரண்டு தரம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

இருபது நிமிடம் ஐம்பதானது. அதன்பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் வந்தார்கள், யார் வென்றது என்று பார்க்க.

வீரய்யா கறுப்பாயியை முதல் தரம் என்று ஏசியதோடு விட்டார். பெரியம்மாவின் கூடைக்குள் கைவிட்டு அள்ளிச் சாக்கில் பரப்பினார்.

“மூக்காயி, இது கொழுந்தா, மாட்டுக்குப் போடுற தழையா? போன மாசமே சொன்னேன்ல? நாளையில இருந்து மேல்மலைக்குப் போ.”

மேல்மலை செங்குத்து. பெரியம்மாவின் வலது முழங்கால் மடங்காது. கீழ்மலையில் நிற்பதால்தான் இன்னும் வேலைக்குப் போகிறார்.

நான் இளங்கண்ணனிடம் போய், “சேர், நீங்க பறிச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றேன்.

“தம்பி, வெளிநாட்டுல வந்து நமக்கு எதுக்கு வம்பு? அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க.” போனைத் திருப்பித் தராசைப் படம் பிடித்தார். பின்னால், “மேற்கு தோத்துருச்சு மச்சி, ராத்திரி சரக்கு உன்னது!” என்றது ஒரு மஞ்சள் டீசேர்ட்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “எனக்குத்தான் கண்ணு மங்கிருச்சுங்க ஐயா” என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார்.

திறப்பதற்குள் என்று எழுதியது பொய். நான் திறக்கவே இல்லை. வேலை போய்விடும் என்று நின்றேன்.

பஸ்ஸில் இளங்கண்ணன் மைக்கைப் பிடித்து, மலையகத் தாய்மார்களின் வியர்வை பற்றிப் பேசினார். குரல் தழுதழுத்தது. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். “நம்ம வழிகாட்டித் தம்பிக்கும் ஒரு கைதட்டு!” எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கையை ஹோட்டலில் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன்.

மாலை வழிகாட்டிப் பயிற்சி வகுப்பில் ‘விருந்தினரின் தேவையை முன்கூட்டியே உணர்தல்’ என்ற பாடம். ஒரு பக்கம் குறிப்பெடுத்தேன். ஒரு வரியும் ஞாபகமில்லை.

வகுப்பு முடிந்து பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன். “காலுக்கு எண்ணெய் தேச்சிட்டிருக்கேன் ராஜா. நீ உன் வேலையப் பாரு. அந்த வடைக்காரன் நல்லா இருக்கட்டும்” என்று சிரித்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குழு நாளைக் காலை எட்டரைக்கு நுவரெலியா புறப்படுகிறது. கலஹா போனால் நான் அதற்குள் திரும்ப முடியாது. குழுவோடு போக முடியாது என்று முதலாளிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.

நாளை: 4.50 கலஹா பஸ். ஆறரைக்கு, தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்குமுன் வீரய்யாவைக் காண வேண்டும். அனுமதி கேட்காமல் ஆட்களை இறக்கியது நான், இலை உருவியது அவர்கள், பெரியம்மா இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். பயணத் தாளில் அந்த வரியை வெட்டி, கையொப்பம் வைத்து, கையோடு கொண்டுபோக வேண்டும்.