வெள்ளைக் கட்டம்

லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் அந்தப் படத்தை ஒட்டியது கோமதிதான். ஒட்டச் சொன்னவர் தம்புசாமி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒட்டினாள். நாலு மணிக்குள் அதன் முன்னால் முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

1998ஆம் ஆண்டு மே மாதம். அணையில் நீர் இறங்கி, கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு தொடங்கி மூன்றாவது வாரம். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அந்தப் பதினேழு மாடிக் கட்டடத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்று அறிவித்திருந்தார்கள். வந்த தண்ணீர் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறியது. அங்கிருந்து வீடுகளுக்கு இறங்கும் வழியில் சில குழாய்களில் வந்தது, சிலவற்றில் வரவேயில்லை. தண்ணீர் லோரி ஹாரன் அடித்தால் ஜனம் வாளியோடு படிக்கட்டில் ஓடியது. வரிசையில் இரண்டு முறை கைகலப்பு நடந்துவிட்டது. யாரோ ஒருவர் திருடுகிறார் என்ற பேச்சு எல்லா மாடியிலும் இருந்தது. யார் என்றுதான் தெரியவில்லை.

கோமதி வடிவமைப்புக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. எண்களைக் கொண்டு ஒரு படம் செய்ய வேண்டும், கையால் ஒரு கோடும் போடக் கூடாது, கணினிக்குக் கட்டளை எழுதி அதை வரையவைக்க வேண்டும் என்பது அந்தப் பருவத்துப் பயிற்சி. கூடப் படித்தவர்கள் பந்தாட்ட முடிவுகளை எடுத்துக்கொண்டார்கள். கோமதி தான் வசிக்கும் கட்டடத்தை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் கொடுத்து, ஏழு நாளும் குழாய் எத்தனை மணி நேரம் காய்ந்து கிடந்தது என்று எழுதச் சொன்னாள். நூற்று முப்பத்தாறு வீட்டுத் தாள்களையும் சனிக்கிழமை வாங்கி வந்து, கீழ்மாடியிலிருந்து வரிசையாகக் கணினியில் தட்டினாள்.

படம் எளிமையானது. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம், ஒரு மாடிக்கு ஒரு வரிசை. குழாய் காய்ந்த நேரம் கூடக்கூடக் கட்டம் கறுக்கும். மாடிக்கு எட்டு வீடுகளில் ஆறாவது வீட்டு நெடுவரிசை மட்டும், மேலே ஓரிடத்திலிருந்து தரை வரைக்கும் கரிபிடித்த புகைபோக்கி மாதிரி இறங்கியது. அதன் உச்சியில் ஒரே ஒரு கட்டம் சுத்த வெள்ளை.

தம்புசாமி டாக்சி ஓட்டுபவர், குடியிருப்போர் சங்கத் தலைவர். அவர் அந்த வெள்ளையின் மேல் விரலை வைத்தார்.

“பதிமூணு, ஆறு. மேல இவ குடிக்கிறா, கீழ பன்னெண்டு மாடியும் காயுது. பாத்தீங்களா லா? மோட்டார் போட்டு உறியிறா.”

“யாரு, அந்த புஷ்பவல்லியா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“வேற யாரு? யாரோடயும் பேச மாட்டா. சாயங்காலம் பேக்டரி பஸ்ஸுல போவா, காலையில வந்து கதவச் சாத்திக்குவா. ஏன் சாத்துறான்னு இப்பத் தெரியுதா?”

புஷ்பவல்லிக்கு நாற்பது வயதிருக்கும். மேரு என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. தனியாக இருந்தாள். கோமதி தாள் கொடுக்கப் போனபோது கதவை ஒரு சாண் திறந்து வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை கதவின் அடியில் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான் பழக்கம்.

“அங்கிள், முதல்ல அவங்களக் கேட்டுப் பாக்கலாமே,” என்றாள் கோமதி.

“கேக்கத்தானம்மா போறோம். நீ படிச்ச புள்ள, அழகாப் போட்டுக் குடுத்துட்டே. மனுசன் பொய் சொல்லுவான், படம் சொல்லுமா?” தம்புசாமி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். “ஸ்பேனர எடுங்கடா. அவ வால்வ மூடுவோம். நாளைக்கே வாடகை ஆபீஸ்ல இந்தப் படத்தக் குடுத்தா, மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவான்.”

லிஃப்டில் எட்டுப் பேர் ஏறினார்கள். மற்றவர்கள் படியில் ஏறத் தொடங்கினார்கள். படம் சரியாகத்தான் இருந்தது. வரைந்த கையோடு அதைப் பார்த்து அவள் பெருமைகூடப் பட்டிருந்தாள். கல்லூரிச் சுவரில் இப்படி ஒரு படம் இருக்காது என்று நினைத்திருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு படத்தின் முன் ஒருவர் மட்டும் நின்றார். மூன்றாவது மாடிக்கு மேல் குடியிருக்கும் லியோங். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

“அடிக், ருமா சாயா மானா?” என்றார். தங்கச்சி, என் வீடு எங்கே என்று மலாயில் கேட்கிறார்.

“இருக்கும் அங்கிள். எந்த மாடி?”

“த்ரீ ஏ.”

கோமதி விரலை வைத்துத் தேடினாள். மூன்று. அதற்கு மேல் ஐந்து.

கட்டடத்தில் நான்காம் மாடி கிடையாது. சீனர்களுக்கு நாலு சாவு எண். அதனால் நான்காம் மாடிக்கு 3A என்றும், பதினான்காம் மாடிக்கு 13A என்றும் பெயர் வைத்திருந்தார்கள். வீட்டு எண்ணில் நான்கைப் பொறுத்துக்கொண்டவர்கள் மாடியில் பொறுக்கவில்லை. படத்தில் நான்காம் வரிசையும் பதினான்காம் வரிசையும் வெறுமையாக வந்தபோது, இல்லாத மாடிகள்தானே என்று அவள் அவற்றை மூடிவிட்டாள். ஆனால் 3A இருக்கிறது. லியோங் அங்கே குடியிருக்கிறார்.

அவள் படத்தின் வரிசைகளை எண்ணினாள். பதினைந்து. மாடி பதினேழு.

“அங்கிள், தெரிமா காசி,” என்று நன்றி சொல்லிவிட்டு இரண்டாவது லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். உள்ளே ஏறியதும் பொத்தான்கள் வரிசையாக அவள் முகத்துக்கு நேரே இருந்தன. 3, 3A, 5. மேலே 13, 13A, 15. கை எட்டிய நாளிலிருந்து தினமும் அவள் அழுத்திய பொத்தான் 13A.

பிழை எங்கே என்று லிஃப்ட் ஆறாம் மாடி தாண்டுவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுத்தாக இருக்கும் மாடிப் பெயரை எண்ணாக மாற்ற அவள் எழுதிய கட்டளை, எண் இருக்கும்வரை படிக்கும், எழுத்து வந்ததும் நின்றுவிடும். 13A என்று கொடுத்தால் அதற்கு 13 மட்டும்தான் தெரியும். அவள் கீழிருந்து மேலாகத் தட்டியதால், பதின்மூன்றாம் மாடி எண்கள் முதலில் உட்கார்ந்தன. அதன் தலைமேல் 13A எண்கள் வந்து அழித்துவிட்டு உட்கார்ந்தன. படத்தில் 13 என்று நிற்கும் வரிசை உண்மையில் 13A. அந்த வெள்ளைக் கட்டம் புஷ்பவல்லியின் வீடு இல்லை. அதற்கு நேர் மேல் வீடு.

13A-6 கோமதியின் வீடு.

அந்த வீட்டுத் தாளில் அம்மா எழுதிய ஏழு பூஜ்யங்களைத் தன் விரலாலேயே தட்டியிருந்தாள். அவற்றுக்காகவாவது படத்தில் தன் வீட்டைத் தேடியிருக்கலாம். எல்லாரும் முதலில் தங்கள் வீட்டைத்தான் தேடினார்கள். அவள் தேடவில்லை.

பதின்மூன்றாம் மாடியைக் கடக்கும்போது, மூடிய லிஃப்டுக்குள்ளும் கதவை இடிக்கும் சத்தம் கேட்டது.

வீட்டில் அம்மா சீதாலெட்சுமி முழங்காலில் கட்டோடு உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா ரெங்கசாமி பத்திரிகையிலிருந்து நிமிர்ந்தார். ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர் வேலை அவருக்கு.

“என்னம்மா இப்படி மூச்சு வாங்குது?”

“அப்பா, நம்ம வீட்டுல மோட்டார் இருக்கா?”

“யாரு சொன்னா?”

இல்லை என்று அவர் சொல்லவில்லை. அம்மாவின் கத்தி நின்றது.

கோமதி சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த அரிசி டின்னை இழுத்தாள். பின்னால், சாக்குத் துணி போர்த்திய ஒரு சின்ன மோட்டார், குழாயைத் திறந்தாலே தானாக ஓடும்படி, அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூட்டு சுத்தமாக இருந்தது. அப்பாவின் கைவேலை எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

“எத்தன நாளா கேட்டேன், நமக்கு மட்டும் எப்படி வருதுன்னு,” என்றார் அம்மா. “பைப்பு நேரா வருதுன்னீங்க, சத்தம் கேட்டா காத்துன்னீங்களே.”

“உனக்குத்தான்டி வச்சேன். மொத வாரம் ஒம்பதாம் மாடிப் படியில வாளியோட உருண்டியே, மறந்துட்டியா? மறுபடி விழுந்தா யாரு தூக்குவா?” அப்பா கோமதி பக்கம் திரும்பினார். “கீழ என்ன சத்தம்?”

அவள் சொன்னாள். அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது.

“நீ போகாத. கதவத் தொறப்பா, உள்ள பாப்பாங்க, ஒண்ணும் இருக்காது, திரும்பிருவாங்க. ராத்திரி நான் இதக் கழட்டிர்றேன். ஒருத்தருக்கும் தெரிய வேணாம்.”

“ஒண்ணும் இல்லன்னா, ஒளிச்சு வச்சிட்டான்னு சொல்லுவாங்கப்பா. படம் சொல்லுதுல்ல.”

“படத்தப் போட்டவ நீதானே? தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிக் கிழிச்சிரு.”

அது ஒரு வழிதான். தப்பு என்று மட்டும் சொன்னால் போதும். சரி எது என்று சொல்ல வேண்டியதில்லை. கோமதி அதை நினைத்துப் பார்த்தாள். நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கீழிருந்து ஏதோ பாத்திரம் உருளும் ஓசை ஜன்னல் வழியே ஏறி வந்தது.

கூடத்து மூலையில் இருந்த பழைய கணினியை முடுக்கிவிட்டு, தாள்கட்டைப் புரட்டினாள். 13-6. இருபத்திரண்டு, இருபத்துநாலு, இருபத்துநாலு. மொத்தக் கட்டடத்தில் இதைவிடக் காய்ந்த குழாய் வேறொன்றுகூட இல்லை. தாளின் அடியில் பென்சிலில் ஒரு வரி: ‘மேலே மோட்டார் சத்தம். காலை 11, மதியம் 3.’ சனிக்கிழமை அதை அவள் பார்த்திருந்தாள். குழாய் காய்ந்த மணிக்கணக்கு இல்லாததால் விட்டுவிட்டாள். அவள் எழுதிய கட்டளையில் சொற்களுக்கு இடம் கிடையாது.

மாடிப் பெயரைப் படிக்கும் வரியைத் திருத்தினாள். மூன்று சொல்தான். பிரிண்டர் கிறீச்சிட்டது. தலை இடமும் வலமுமாக ஓடி, மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாகத் தாளைத் தள்ளியது. பதினேழு. பதினாறு. பதினைந்து. மூன்றும் சாம்பல் நிறம். அப்பா அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு அவளுக்குக் கேட்டது. 13A வந்தது. ஐந்து கட்டங்கள், பிறகு வெள்ளை. அடுத்து 13 வந்தபோது, அந்த வெள்ளைக்கு நேர் கீழே பிரிண்டர் ஊசி திரும்பத் திரும்பக் குத்தி, தாளே கிழிந்துவிடும்போலக் கறுத்தது.

அவர் கை தாளின் பக்கம் நீண்டது. கோமதி அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

கீழே, பதின்மூன்றாம் மாடி நடையில் புஷ்பவல்லியின் பாத்திரங்கள் சிதறிக் கிடந்தன. தூக்கத்தில் கலைந்த தலையோடு, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். பயந்தவளாகத் தெரியவில்லை.

“மூணு வாளி, ரெண்டு பேசின், எல்லாத்தையும் கொட்டிப் பாத்தாச்சு. கட்டிலுக்கு அடியில பாக்கலியா? போன வருசத்துத் தூசி இருக்கும், எடுத்துட்டுப் போங்க.”

“வாய் மட்டும் கொறச்சலில்ல,” என்றார் தம்புசாமி. “மோட்டார எங்க ஒளிச்சு வச்சே? நீயா சொல்லிரு.”

“அங்கிள்.” கோமதி தாளை நீட்டினாள். “படம் தப்பு. நான் போட்ட கட்டளை தப்பு. 13A எல்லாம் 13னு விழுந்துருச்சு. இதான் சரியான படம்.”

தம்புசாமி தாளை வாங்கினார். பழைய இடத்தில் விரலை வைத்தார், அங்கே கறுப்பு. விரல் ஒரு கட்டம் மேலே ஏறி, வெள்ளையில் நின்றது. ஓரத்தில் இருந்த எண்ணை வாய்க்குள் படித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“இது உங்க வீடு லா.”

“ஆமா அங்கிள்.”

ஸ்பேனர் வைத்திருந்த பையன் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். தம்புசாமி கீழே கிடந்த ஒரு பேசினைக் காலால் ஓரமாகத் தள்ளினார், என்ன செய்வதென்று தெரியாதவர்போல. அதைக் குனிந்து எடுத்து வைக்க அவருக்கு வரவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள் புஷ்பவல்லி. “பகல்ல தூங்குறவளுக்கு எல்லாச் சத்தமும் தெரியும். எழுதித்தானே குடுத்தேன்.”

“பாத்தேன் அக்கா. விட்டுட்டேன்.”

புஷ்பவல்லி குனிந்து, அவர்கள் கொட்டிப் பார்த்த வாளி ஒன்றை எடுத்தாள்.

கோமதி படியேறினாள். பின்னால் செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. 13A-6க்கு முன்னால் வந்து கதவைத் தட்டினாள். தாழ்ப்பாள் அசையவில்லை.

“அப்பா, நான்தான். தொறங்க.”

உள்ளே இரும்பை இரும்பு கடிக்கும் ஓசை கேட்டது. அவசரமாக யாரோ ஒரு மரையைத் திருகுகிறார்கள். தம்புசாமிக்கும் அது கேட்டது. கோமதி மறுபடி தட்டினாள்.

“விடுங்க,” என்றது அம்மாவின் குரல் உள்ளிருந்து. “எவ்வளவு கழட்டினாலும் தாள்ல நான் எழுதினதக் கழட்ட முடியாது. நகருங்க.”

ஒரு காலை இழுத்து நடந்து வரும் சத்தம். தாழ்ப்பாள் விலகியது. சீதாலெட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்குப் பின்னால், சமையலறை வாசலில், அப்பா முழங்கால்வரை நனைந்து நின்றார். கழன்ற குழாயிலிருந்து தண்ணீர் தரையில் பரவி வந்துகொண்டிருந்தது.

“செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள வாங்க,” என்றார் அம்மா.

பின்னாலிருந்து புஷ்பவல்லி வழி விலக்கிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவள் கையில் அந்தக் காலி வாளி இருந்தது.