பெரட்டு கலையவில்லை

“அப்பா, பேரக் கூப்புட்டு ஆளு வரலன்னா, அந்தப் பேரு எங்க போவும்?”

ஏழு வயதில் தோட்டத்து ஆபீஸ் வாசலில், சூசை மண்டோரின் காக்கிக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நவமணி கேட்ட கேள்வி இது. விடிவதற்கு முன் பால்மரம் வெட்டுகிறவர்களைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. மகளின் எந்தக் கேள்விக்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்கிறவர் அவர். அன்றைக்குக் கையிலிருந்த டார்ச் விளக்கை அணைத்துவிட்டு நடந்தார்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1981 டிசம்பர் இருபத்து நான்காம் தேதி விடியற்காலையில், ஈப்போ புந்தோங்கில் இருந்த வாடகை வீட்டில் நவமணி பயணப் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போது முன்னறையில் அவர் பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

“ராக்காயி!”

ஒரு மாதமாக அவருக்குத் தண்ணீர் கேட்கக்கூடக் குரல் எழும்பவில்லை. இது நூறு பேருக்குக் கேட்கிற மாதிரி வந்த பழைய குரல். நவமணி பையும் கையுமாக ஓடி வந்து, அதை வாசலில் வைத்துவிட்டுப் பார்த்தாள். தலையணையைத் தள்ளிவிட்டு, கட்டிலில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது. தாழ்ப்பாள் போட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

வெளியே கிறிஸ்மஸ் நட்சத்திர விளக்கின் சிவப்பு வெளிச்சம் சிமெண்டு முற்றத்தில் விழுந்திருந்தது. அங்கே யாருமில்லை. அவர் ஓர் ஆள் பதில் சொல்கிற நேரம்வரை காத்திருந்தார். பிறகு தலையாட்டி, விரலால் போர்வையில் ஒரு கோடு இழுத்தார்.

“இராமசாமி!”

மறுபடியும் காத்திருப்பு, தலையாட்டல், கோடு.

“சீனி!”

வீட்டுக்குள் புளித்த ரப்பர் பால் வாடை அடித்தது. புந்தோங்கில் பால்மரம் கிடையாது. தோட்டத்தை விற்று ஆள்களை அனுப்பிய பிறகு, இந்த வாடையை மறந்து ஆறு வருஷமாகிவிட்டது.

பக்கத்து வீட்டு முத்தம்மா கோப்பிக் கிளாசோடு உள்ளே வந்தாள். அவளும் அதே தோட்டத்துக்காரிதான். நவமணி பினாங்குக்குப் போய்வரும் மூன்று நாளும் பெரியவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள். வாசற்படி தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏ புள்ள, ஒங்கப்பா யார் யாரக் கூப்புடுறாருன்னு கவனிச்சியா?”

“தோட்டத்து ஆளுங்க பேரு அத்த. காய்ச்சல் வேகத்துல என்னமோ.”

“தோட்டத்து ஆளுதான். ராக்காயி அம்மை போட்டுப் போனா. இராமசாமி லோரில அடிபட்டான். சீனிய நாந்தான் குளிப்பாட்டி வுட்டேன். உசுரோட இருக்கற ஒருத்தரயாச்சும் கூப்புடுறாரா, கேளு.”

நவமணி கேட்டாள். பத்து, பதினைந்து பெயர்கள். ஒருவர்கூட உயிரோடு இல்லை.

அவள் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பிறந்த மூன்றாம் நாளே தாயைப் பறிகொடுத்தவள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் காலைப் பூசை, கோழிக் கறி, சாப்பிட்ட கையோடு தூங்கிப்போகும் அப்பா, கழுவ வேண்டிய பாத்திரம். இந்த வருஷம்தான் ஆபீஸ் தோழி சரோஜாதேவி விடாப்பிடியாக அவளுக்கும் பஸ்ஸில் ஓர் இடம் போட்டிருந்தாள். கடற்கரை ஹோட்டலில் மூன்று நாள். அப்போது அப்பாவுக்கு நடமாட்டம் இருந்தது. “போயிட்டு வா. கடலப் பாத்துட்டு வா” என்றார். அவர் படுக்கையில் விழுந்த பிறகும் அவளுக்கு ஆசை விடவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னாள். “ஆசப்படுறது பாவம் இல்ல மகளே” என்றார் சாமியார். போகலாமா கூடாதா என்று அவர் சொல்லவில்லை. அதை அவளிடமே விட்டுவிட்டார்.

“பாப்பா!”

அவர் காத்திருந்தார். தலை ஆடவில்லை.

“பாப்பா!”

விரல் கோடு இழுக்காமல் போர்வையின் மேல் நின்றது. அவர் முகம் கலங்கிப்போயிற்று.

“பாப்பா வரல. ஆளு வராம பெரட்டு எப்படிக் கலையும்? பாவம், எல்லாரும் பனியில நிக்கிறாங்க பாரு.”

அவர் காட்டிய முற்றத்தை நவமணி பார்த்தாள். வெறும் சிமெண்டுத் தரைதான். ஆனாலும் அதில் கால் வைக்க இடமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“யாரு அத்த, பாப்பா?”

முத்தம்மா கோப்பியைக் கீழே வைத்தாள்.

“ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. ஒங்கம்மா போனப்ப நீ மூணு நாள் புள்ள. பாப்பா பெத்த புள்ள அந்த வாரந்தான் செத்துப் பொறந்துச்சு. அவதான் ஒனக்குப் பாலு குடுத்தா. தெனம் விடியக்காலம் ஒன்னயப் பசியாத்திட்டு, ஓட்டமா ஓடி பெரட்டுல நிப்பா. அவ காலடிச் சத்தம் கேக்குற வரைக்கும் அவ பேர ஒங்கப்பா கூப்புட மாட்டாரு.”

“அப்புறம்?”

“ஒரு நாளு தொரை வந்து பக்கத்துலயே நின்னுட்டான். நீ பாலு குடிச்சுக்கிட்டு இருந்த. இவரு பேரக் கூப்புட்டாரு. அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சும், பயத்துல ‘ஆளு இல்ல’ன்னு எழுதிட்டாரு. இப்படியே மூணு நாளு. நாலாம் நாளு வேலைய நிறுத்தி, பாப்பாவையும் புருசனையும் லயத்து வூட்ட வுட்டே எறக்கிட்டாங்க. ஒரு வார்த்த பேசாம மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போனா. அவளும் எங்கயோ செத்துப்போயி எத்தனையோ வருசம் ஆயிருக்கும்.”

தெருவில் கார் ஹார்ன் அடித்தது. சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு சரோஜா படியேறி வந்தாள்.

“ஏய் நவா! கல்யாணப் பொண்ணுகூட இவ்ளோ நேரம் எடுக்க மாட்டா. பஸ்ஸு ஒனக்காக நிக்குமா?” என்றவள் கட்டிலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “அங்கிளுக்கு என்னாச்சு? டாக்டரக் கூப்புடவா?”

“பேரு கூப்புடுறாரு” என்றாள் நவமணி.

சரோஜா அவள் தோளைத் தொட்டாள். “இங்க பாரு, திட்டாத. மூணே நாளு. ஆன்ட்டிதான் இருக்காங்களே. பொறந்ததுலேருந்து நீ எங்கயாச்சும் போயிருக்கியா? இப்ப விட்டா இனிமே எப்பலா போவ?”

அது நல்ல மனசோடு சொன்ன சொல். உண்மையும்கூட. நவமணி பையைப் பார்த்தாள்.

“பாப்பா!”

இந்தத் தடவை மண்டோரின் குரலாக அது இல்லை. கூட்டத்தில் கையை நழுவவிட்ட குழந்தையின் குரலாக இருந்தது.

நவமணி வாசலை நோக்கி நகர்ந்தாள். முத்தம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“வேணாம்டி! இது செத்தவங்க பெரட்டு. பதில் சொன்னா ஒன்னயும் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க.”

சரோஜாவின் கையில் சாவிச் சத்தம் நின்றது. நவமணிக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒருத்தி தன் பெயர் அங்கே கூப்பிடப்படுவது காதில் விழுந்தும், பால் குடிக்கிற பிள்ளையை விலக்காமல் உட்கார்ந்திருந்தாளே, அவளுக்கும் பயம் இருந்திருக்கும்தானே. நவமணி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். ஆள்கள் நிற்கும் இடத்தில், அவருக்கு நேராக நின்றாள்.

“இருக்கேங்கய்யா.”

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடப்பக்கம், கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

“வந்துட்டியா பாப்பா. லேட்டானா பரவால்ல. ஆளு இருக்குன்னு எழுதிட்டேன்.”

போர்வையில் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

“பெரட்டு கலையலாம்.”

காற்று இல்லை. ஆனாலும் நட்சத்திர விளக்கு ஆடியது. நவமணியின் இரண்டு பக்கமும் வெறுங்கால்கள் உரசிக்கொண்டு நடக்கிற சத்தம் கடந்து போயிற்று. தெருக்கோடியில் ஒரு நாய் ஒரே ஒரு தடவை குரைத்து நிறுத்தியது. அவள் உள்ளே திரும்பி வந்தபோது அப்பா தலையணை இல்லாமலே படுத்திருந்தார். முத்தம்மா அவர் கண்களை மூடிவிட்டுக்கொண்டிருந்தாள். ரப்பர் வாடை போய்விட்டிருந்தது.

சரோஜா வாசலில் இருந்த பையை எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் வைத்தாள். பிறகு காரை எடுத்துக்கொண்டு போனவள், பத்து மணிக்கு இரண்டு பாளம் ஐஸ்கட்டியும் ஒரு கட்டு மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து இறக்கினாள்.

“நீ போகலையா?”

“பஸ்ஸ அனுப்பிட்டேன். கடலு எங்கலா ஓடிப்போவப்போவுது?”

கிறிஸ்மஸ் அன்றைக்கு அடக்கப் பூசை கிடையாது. அதனால் அந்த இரவும் மறுநாளும் பெட்டி முன்னறையிலேயே இருந்தது. அதே அறை மூலையில் வைக்கோலுக்குள் குடில் பாலன் படுத்திருந்தார். நட்சத்திர விளக்கை இறக்கிவிடலாமா என்று முத்தம்மா கேட்டாள். “எரியட்டும் அத்த” என்றாள் நவமணி. கேரல் பாட வந்த கோயில் பிள்ளைகள் வாசலோடு நின்று, மேளத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரே ஒரு பாட்டை மெல்லப் பாடிவிட்டுப் போனார்கள்.

இருபத்தாறாம் தேதி அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கக் கை கொடுத்தவர்களில் பத்துமலையும் ஒருவர். முன்பு தோட்டத்து லோரி ஓட்டியவர்.

“மண்டோரண்ணே ஒரு வேல சொல்லியிருந்தாரும்மா” என்றார் நவமணியிடம். “பாப்பான்னு ஒரு அம்மாவ தேடச் சொன்னாரு. போன மாசந்தான் கண்டுபுடிச்சேன். வந்து சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள இப்படி.”

“எங்க பொதைச்சிருக்காங்க, அண்ணே?”

“அலாமா, பொதைக்கறதா? உசுரோட இருக்குமா! கோப்பெங் தாண்டி, ஒடைக்காம விட்ட பழைய லயத்துல. கண்ணுதான் தெரியல.”

கைப்பிடி மண்ணைக் குழியில் போடாமல் நவமணி அப்படியே நின்றாள். கூப்பிட்ட அத்தனை பேரிலும் பாப்பா ஒருத்தி மட்டும் ஏன் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பின்னால் நின்றவர்கள் மெல்லத் தொட்ட பிறகுதான் மண்ணைப் போட்டாள்.

ஆபீஸ் திறக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல் கோப்பெங் பஸ் ஏறினாள்.

லயத்தில் ஒரு வீட்டில்தான் கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில், கூரைக் கம்பத்தில் சாய்ந்து ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம், மேலே தட்டு மூடியிருந்தது.

“யாரும்மா அது?”

அப்பாவின் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டிய சொற்களைப் பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

“இந்தப் பக்கம் வந்தேன்மா. சாப்பிட்டீங்களா?”

“பக்கத்து வூட்டுப் புள்ள கஞ்சி வச்சிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கு. எனக்குக் கை நடுங்கும், பாதி கீழ கொட்டிரும். அந்திக்கி அது வந்து ஊட்டும்.”

கஞ்சி ஆறி ஏடு படிந்திருந்தது. நவமணி அடுப்பைப் பற்றவைத்துச் சூடுபண்ணினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிழவி பேசினாள்.

“அன்னிக்கி ஒரு கூத்து. விடியக்காலம் என்னைய யாரோ பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. மூணு வாட்டி. பெரட்டுக்குப் போவணும்னு எந்திரிக்கப் பாக்குறேன், முடியல. அப்புறம் எனக்குப் பதுலா யாரோ ஒரு பொண்ணு ‘இருக்கேன்’னு சொல்லிருச்சு. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்.”

நவமணி தன் பெயரைச் சொல்லவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து, கரண்டியில் கஞ்சியை எடுத்து ஊதி, உதட்டருகே கொண்டுபோனாள். கிழவி வாயைத் திறந்தாள். தாடையில் வழிந்ததைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, நவமணி அடுத்த வாய் எடுத்தாள்.

கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினாள்.