பஸ்ஸை மறித்த ரோசா

எங்கள் பசு ரோசா, செத்த மறுநாள் காலையில் சூரியநெல்லி பஸ்ஸை நடுரோட்டில் மறித்து நிறுத்தினாள். நம்பாதவர்கள் என் மனைவி இன்பமேரியைக் கேட்கலாம். அவளும் நம்பவில்லை.

அதற்குச் சில நாள் முன்பு வேலிக்கம்பி கிழித்து ரோசாவின் தோளில் காயம். அடைமழை வேறு. தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் படங்குதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாவற்றுக்கும் மருந்து. கூரை ஒழுகினால் படங்கு, விறகு நனைந்தால் படங்கு. இன்பமேரி தன்னுடையதை எடுத்துக் காயத்தின்மேல் இறுக்கிக் கட்டினாள். மழை உள்ளே போகவில்லை. ஈ முன்பே போயிருந்தது. முட்டையிடும் ஈ அல்ல, ஆட்டைப்போல நேரே புழுக்குட்டி போடும் ஈ. படங்கை அவிழ்த்தபோது கொழுந்துக்கூடை நிறையப் புழு. சரி, அரைக் கூடை.

ரோசா படுத்துவிட்டாள். காதைக்கூட ஆட்டவில்லை. பக்கத்தில் இன்பமேரியும் அப்படியே உட்கார்ந்தாள்.

"நாந்தேன் கட்டுனேன்" என்றாள். அப்புறம் அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை.

அவளைத் திட்டவைக்க ஏதேதோ புளுகு அவிழ்த்துவிட்டேன். "மாட்டுப்பட்டி டேமைக் கட்டுனதே நாந்தேன்" என்றேன். மற்ற நாளென்றால் அகப்பை பறந்திருக்கும். அன்று சுவரையே பார்த்திருந்தாள்.

மிருகாசுபத்திரி டாக்டர் ஹஸீனா பாலக்காட்டுக்காரர். வந்ததும், "ஏனுங்க, காயத்துக்கு யாருங்க மழைக்கோட்டு போட்டது?" என்றார்.

"நாந்தேன்" என்றேன். இன்பமேரி ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

டர்பன்டைன் நனைத்த பஞ்சைக் காயத்தின் குழியில் திணித்தார் டாக்டர். மூச்சுமுட்டி நெளிந்து வந்த புழுக்களைச் சிறு குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஊசி போட்டார்.

"மூடிக் கட்டாதீங்க. தெனமும் களுவிட்டு, சுத்தியும் வேப்பெண்ணெ தடவுங்க. சாணிக் குவியலத் தொழுவத்த விட்டுத் தள்ளிப் போடுங்க. சின்னக் கீறல்னாலும் அன்னைக்கே பாத்துருங்க."

"பொழைக்குமா டாக்டர்?"

"எந்திரிச்சு நின்னாப் பொளைச்சுக்குமுங்க."

சொன்னபடி செய்தோம். காயம் சிவந்து சுத்தமானது. ரோசா மட்டும் எழவில்லை. ஒரு சாயங்காலம் அவள் கண் நிலைகுத்தியது. தொட்டால் அசைவில்லை. செத்தாளென்று சாக்கை எடுத்து மூடினேன். இன்பமேரி உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

விடிந்து பார்த்தால் சாக்கு மட்டும் கிடந்தது. ரோட்டில் ஹாரன் அலறியது. எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன்.

"இன்பம்! ரோசா பஸ்ஸை மறிச்சு நிக்கிறா!"

"ம். டேமும் நீங்கதேன் கட்டுனீக" என்றாள் சுவரிடம்.

ஹாரன் ஓயவில்லை. டிரைவர் ஷிஜு என்னைக் கூப்பிட்டார்: "சுவக்கீன் அண்ணே, பசுவைப் புடிங்க! படியில ஏறப் பாக்குது!" சத்தியமாக இது என் சரக்கு இல்லை.

இன்பமேரி வெறுங்காலோடு ஓடினாள். ரோசாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அத்தனை நாள் அழாததையும் சேர்த்து அழுதாள். தேயிலை மலையே நனைந்தது. பஸ் காத்திருந்தது.

"இப்பச் சொல்லு, செத்தவ பஸ்ஸை நிறுத்துனாளா இல்லையா?"

மூக்கைச் சிந்தினாள்.

"நிறுத்துனா. செத்தவதேன் நிறுத்துனா. போதுமா?"