வெள்ளிக்கிழமை வெளிக்கிட்ட பை

“இம்மா அக்கா, பையை ஒருக்காத் தாங்கோ.”

“எந்தப் பை?”

“காலமை எட்டு மணிக்கு அம்மா கொண்டுவந்து வைச்ச பை. நீலப் பை.”

இம்மாகுலேற் திரும்பித் தன் வீட்டு நடையைப் பார்த்தார். சேர்ச்சுக்கென்று மூன்று நாளாகச் சேர்த்த பழைய உடுப்புப் பைகள் அந்த நடையில்தான் வரிசையாக இருந்தன. இப்போது நடை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

“ஐயோ மாதாவே,” என்றார். “பீற்றர் ஏத்திக்கொண்டு போட்டார்.”

துஷ்யாவுக்குப் பின்னால், அடுத்த வீட்டு வாசலில் நின்ற தாய் சுசிலாவின் முகம் வெளிறிப்போனது.

மிச்சம் என்ற ஊரில் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். துஷ்யா குரொய்டனுக்கு வெளிக்கிட வேண்டிய நேரமோ பத்தே முக்கால். அதற்குச் சுசிலா கண்ட வழி, நல்ல நேரத்தில் பையை முதலில் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பை படியிறங்கிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது. பிறகு ஆள் எப்போது போனாலும் ராகுவுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் வெறும் பை செல்லாது. பயணத்துக்கு எது முக்கியமோ அது உள்ளே இருக்கவேண்டும். ஆகவே துஷ்யாவின் பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், அவள் வாகனம் திருத்தும் கராஜில் கொடுத்த வேலைக் கடிதம் எல்லாம் அசலாக அந்தப் பைக்குள்ளேயே இருந்தன.

இம்மாகுலேற் கணவனுக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி பிடித்தார்.

“ஓம், ஏத்தினனான். பத்துப் பை,” என்றார் பீற்றர். “நீர் ஒன்பது எண்டு சொன்னனீர். உமக்கு எண்ணத் தெரியேல்லை எண்டு நினைச்சன்.”

“எனக்கு எண்ணத் தெரியும்! உங்களுக்குத்தான் கண் தெரியாது. இப்ப எங்கை நிக்கிறியள்?”

“கிங்ஸ்பரியிலை, அங்கை வர ஒரு மணித்தியாலம். கடைக்கு அரிசி இறக்கிறன்.”

“பை?”

“சட்டனிலை, சேர்ச் மண்டபத்திலை குடுத்திட்டன். பதினொரு மணிக்கு லொறி வந்து ஏத்துமாம். ஏன், என்ன விசயம்?”

“துஷியின்ரை பாஸ்போட் அதுக்குள்ளை!”

மறுமுனையில் ஒரு அரிசி மூட்டை விழுந்த சத்தம் கேட்டது.

மணி பத்து. பதினொன்றேகாலுக்கு முதல் துஷ்யா குரொய்டன் படைச்சேர்ப்பு நிலையத்தில் பெயர் பதியவேண்டும். பதினொன்றரைக்கு நேர்முகம். நேர்முகத்தின்போது அசல் பத்திரங்கள் இல்லாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று அழைப்புக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வேறு நாள் கேட்கலாம். ஆனால் துஷ்யாவுக்கு வேறு நாள் இல்லை.

அது அவளுக்கும் தாய்க்கும் இடையிலான ஒப்பந்தம். சுசிலாவின் வீட்டில் இராணுவத்தைக் குறிக்கும் ‘ஆமி’ என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிப் பழகிய மனுஷி அவர். மகள், இன்னும் கையில் இலங்கைப் பாஸ்போட்டை வைத்துக்கொண்டு, இந்த வெள்ளைக்கார நாட்டு ஆமியில் வாகனம் திருத்தப் போகிறேன் என்று நின்றாள். கொமன்வெல்த் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள் என்று படித்துக் காட்டினாள். ஆறு மாதம் சண்டை. கடைசியில் சுசிலா சொன்னார், “ஒரேயொருக்காப் போ. சரிவராட்டி இந்தக் கதையைப் பேந்து எடுக்கப்படாது. சத்தியமோ?” “சத்தியம்” என்றாள் துஷ்யா.

இப்போது அவள் அழவில்லை. தாயைப் பார்த்தாள்.

“அம்மா, நான் குரொய்டனுக்குப் போய்ப் பேரைப் பதியிறன். நானே சட்டனுக்குப் போய் ஒரு ரெயில் பிந்தினாலும் பதிவும் இன்ரவியூவும் ரெண்டும் போயிடும். நீங்கள் சட்டனுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வாறியளோ?”

“நானோ? தனியவோ?”

“எனக்குப் பதினொண்டுக்கு முதியோர் இல்லத்திலை ஷிப்ட். இல்லாட்டி நான் பறப்பன்,” என்றார் இம்மாகுலேற். “சுசிலா, செருப்பைப் போடும். சப்பாத்து வேண்டாம், நேரம் போயிடும்!”

ஓட்டமும் நடையுமாக ட்ராம் தரிப்புக்குப் போகும்போதே துஷ்யா வழியைச் சொல்லிக்கொண்டு வந்தாள். “அடுத்த ஸ்ரொப் மிச்சம் ஜங்சன். நீங்கள் இறங்கிறியள், நான் இறங்கமாட்டன். அங்கை சட்டன் ரெயில். மூண்டாவது ஸ்ரேசன். பேந்து சட்டனிலையிருந்து வெஸ்ற் குரொய்டன் ரெயில். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானோ? வாயாலை சொல்லச் சுகம்.”

ட்ராம் வந்தது. இருவரும் கார்டைத் தட்டி ஏறினார்கள். கதவு மூடியதும் சுசிலா மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து பதின்மூன்று.

“எடி துஷி! ராகுகாலத்துக்கு முன்னமே வெளிக்கிட்டிட்டம்!”

“அம்மா, இறங்குங்கோ! ஜங்சன்!”

சுசிலா இறங்கிவிட்டார். ட்ராம் மகளைக் கொண்டுபோனது. இந்த நாட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் சுசிலா தனியாக ஒரு ரெயிலில் ஏறியதில்லை. பலகையில் சட்டன் என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஒரு தடவை, ரெயிலுக்குள் இருந்த கிழவரிடம் ஒரு தடவை, “சட்டன்?” “சட்டன்?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். கிழவர் ஒவ்வொரு ஸ்ரேசனிலும் “இன்னும் இல்லை” என்று விரலை ஆட்டினார். சட்டனில் அவரே எழுந்து கதவுப் பொத்தானை அமத்திவிட்டார்.

சேர்ச் மண்டபத்தில் பைகள் மலையாகக் குவிந்திருந்தன. காவலுக்கு இருந்தவர் பியற்றிஸ் என்ற மன்னார் மனுஷி.

“கோவிலுக்குக் குடுத்த சாமானைத் திருப்பிக் குடுக்கேலாது, தங்கச்சி.”

“நாங்கள் குடுக்கேல்லை அக்கா. பீற்றர் அண்ணை தெரியாமல் ஏத்திப்போட்டார்.”

“எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம். போன வருசம் ஒராள் குடுத்த கோட்டைத் தேடி வந்தவ. சரி, உள்ளுக்கை என்ன இருக்கெண்டு சொல்லும் பாப்பம்.”

“பாஸ்போட். பிறப்புச் சான்றிதழ். பிறகு ஒரு... தேசிக்காய்.”

பியற்றிஸ் கண்ணாடியைச் சரிசெய்தார். மஞ்சள் நூல் கட்டிய நீலப் பையைச் சுசிலாவே மூன்றாவது அடுக்கிலிருந்து உருவி எடுத்தார். திறந்தபோது முதலில் உருண்டு வந்தது அந்த எலுமிச்சை, தேசிக்காய்தான்.

“பாஸ்போட் விளங்குது. இது என்னத்துக்கு?”

“பயணத்துக்கு.”

“ஆருக்குப் பயணம்? எங்கை?”

சுசிலா வாசலைப் பார்த்தார். வெளியே லொறி பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது.

“மகள் ஆமியிலை சேரப் போறாள்,” என்றார். அந்தச் சொல்லை அவர் இவ்வளவு சத்தமாகச் சொன்னது அதுதான் முதல்தரம்.

பியற்றிஸ் தேசிக்காயைப் பைக்குள் போட்டு இழுத்து மூடினார். “பேந்தேன் நிக்கிறீர்? ஓடும்!”

சட்டன் ஸ்ரேசனில் வெஸ்ற் குரொய்டன் ரெயிலுக்கு ஆறு நிமிடம் இருந்தது. மேடையில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்து பையை மடியில் வைத்தபோதுதான் சுசிலாவுக்கு அது தோன்றியது. இந்த ரெயிலை விட்டால் போதும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அம்மாவுக்கு வழி தெரியாது, பாவம் என்பார்கள். மகள் வீட்டோடு இருப்பாள். சத்தியம் சத்தியம்தான்.

போன் அடித்தது.

“அம்மா, பேரைப் பதிஞ்சிட்டன்! எனக்கு முன்னாலை ரெண்டு பேர்தான். இஞ்சை போனை நிப்பாட்டச் சொல்லுகினம், இனிக் கதைக்கேலாது. ஸ்ரேசனாலை வெளியிலை வந்து, கடைத்தெருவாலை நேரை வந்து, ஆரிட்டையும் கேளுங்கோ. அம்மா, கதிரையிலை இருக்கேலாமல் கிடக்கு எனக்கு. பயத்திலை இல்லை!”

போன் நின்றது. ரெயில் வந்தது. சுசிலாவின் மனம் இன்னும் வாங்கில்தான் இருந்தது. கால்கள் எழுந்து, பையையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறிவிட்டன. “விசர்ப் பெட்டை,” என்று தனக்குள் திட்டினார். மகளையா, தன்னையா என்று அவருக்கே தெரியவில்லை.

வெஸ்ற் குரொய்டனில் இறங்கும்போது பதினொன்று பதினாறு. வெளியே நாலு பக்கமும் தெரு, நாலு பக்கமும் சனம். யாரைக் கேட்பது? அப்போது எதிரே ஒருவர் வேகமாகப் போவதைக் கண்டார். பச்சையும் மண்நிறமும் கலந்த புள்ளிக் காற்சட்டை. கனத்த சப்பாத்து. ஒட்ட வெட்டிய தலைமயிர்.

ஆமி!

ஊரில் அந்த உடுப்பை ஆமியைத் தவிர வேறு யாரும் போட்டு அவர் கண்டதில்லை. அதைக் கண்டால் மதிலோரம் ஒதுங்கி, நிலத்தைப் பார்த்து நடந்த கால்கள் இன்று அதற்குப் பின்னாலேயே ஓடின. அவர் தெருவைக் கடந்தால் சுசிலாவும் கடந்தார். அவர் சந்தில் திரும்பினால் சுசிலாவும் திரும்பினார். கடைசியில் அவர் ஒரு கடைக்குள் நுழைந்து, ஏப்ரனைக் கட்டிக் கத்தியை எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியிலிருந்து ஒரு பாரைமீனை வாலில் பிடித்துத் தூக்கினார்.

சுசிலா வாசலில் மூச்சு வாங்கினார். “எஸ்கியூஸ் மீ... சேர்... ஆமி...?”

“மீன் வேணுமோ, அக்கா?”

“தமிழோ?! தம்பி, நீங்கள் ஆமி இல்லையோ?”

“நானோ? நான் கொட்வின். மீன்கடை.”

“அப்ப ஏன் இந்த உடுப்பு?”

கொட்வின் தன் காற்சட்டையைக் குனிந்து பார்த்தார். “எட்டுப் பொக்கற் இருக்கு அக்கா. கத்தி வைக்க வசதி.”

“உங்களைப் பாத்துக்கொண்டெல்லோ இவ்வளவு தூரம் ஓடி வந்தனான்! ஆமிக்கு ஆள் எடுக்கிற இடம் எங்கை? பதினொண்டரைக்குப் போகவேணும். பிள்ளைக்கு இன்ரவியூ!”

கொட்வின் மீனைப் பொத்தென்று போட்டார். “அக்கா, நீங்கள் அதைத் தாண்டி வந்திட்டியள். வாங்கோ, வாங்கோ!” ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் முன்னே ஓடினார். “வழி விடுங்கோ! வழி!” என்று தமிழிலேயே கத்தினார். சனம் விலகியது. அவர் கையில் மீன்கத்தி இன்னும் இருந்ததைக் கதவடிக்கு வரும்வரை இருவரும் கவனிக்கவில்லை.

“அந்தக் கண்ணாடிக் கதவு, அக்கா. நான் இதோடை வரேல்லை,” என்று கத்தியைக் காட்டிச் சிரித்து நின்றுவிட்டார்.

பதினொன்று இருபத்தேழு. கதவுக்குள் மேசைக்குப் பின்னால் ஒரு பெண். அவள் உடுத்திருந்தது உண்மையான உடுப்பு. பொக்கற்றுக்காகப் போட்டதல்ல. சுசிலாவின் கை கதவுப்பிடியில் ஒரு கணம் நின்றது. உள்ளே ஒரு கதிரையின் நுனியில் துஷ்யா, இரண்டு முழங்கால்களையும் கையால் பிடித்தபடி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டு எழுந்தாள்.

சுசிலா கதவைத் தள்ளினார். நேரே மேசைக்குப் போய், பையை அந்த உடுப்புக்காரியின் இரு கைகளிலும் வைத்தார்.

“மை டோட்டர்,” என்றார். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

அந்தப் பெண் பையைத் திறந்தாள். பாஸ்போட்டை எடுத்து வைத்தாள். சான்றிதழை வைத்தாள். கடிதத்தை வைத்தாள். பிறகு தேசிக்காயை எடுத்து, அதையும் அதே வரிசையில் வைத்துவிட்டுத் துஷ்யாவைப் பார்த்தாள். துஷ்யாவின் முகம் காதுவரை சிவந்தது.

“அம்மா!” என்று பல்லைக் கடித்தாள். பிறகு மெதுவாக, “இப்ப ராகுகாலம். பரவாயில்லையோ?”

“பை எட்டு மணிக்கே வெளிக்கிட்டிட்டுது. சட்டனைச் சுத்தி வந்தாலும் பயணம் ஒண்டுதான். நீ உள்ளை போ.”

உள்ளே போனவள் முக்கால் மணி நேரம் வரவில்லை. சுசிலாவுக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வலது செருப்பின் வார் அறுந்திருப்பதை அப்போதுதான் கண்டார். எந்தத் தெருவில் அறுந்ததோ.

கதவு திறந்தது. துஷ்யா நடந்து வரவில்லை, பாய்ந்து வந்தாள்.

“அம்மா, எடுத்திட்டினம்! அடுத்த கட்டத்துக்கு! இன்னும் சோதனை இருக்கு, ஓட்டம் இருக்கு, டொக்டர் பாக்கவேணும். ஆனா இது சரி!” கையை விரித்தாள். உள்ளே தேசிக்காய். “இன்ரவியூ எடுத்தவ இதைத் திருப்பித் தந்தவ. அடுத்த இடத்துக்கும் தேவைப்படும் எண்டு சொன்னவ.”

சுசிலா தேசிக்காயை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் போட்டார். பையைத் தன் தோளிலேயே கொழுவிக்கொண்டார்.

“அடுத்த இடம் எங்கை?”

“வடக்கை, தூர. ரெண்டு ரெயில் மாறவேணும்.”

“என்ன கிழமை?”

“செவ்வாய்.”

“செவ்வாய் எண்டால் பின்னேரம் மூண்டுக்குத்தான் ராகுகாலம். காலமை போகலாம்,” என்றார் சுசிலா, அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே. “முதலாவது ரெயில் எத்தினை மணிக்கெண்டு பார்.”