ஒற்றைக் கண் சிவப்பு

சவப்பெட்டிக்குள் கிடந்த கணவன் ஞானசீலனின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் விக்டோரியா கொழுந்தனின் முகத்தைப் பார்த்தாள். ஆல்பினின் இடது கண் மட்டும் செக்கச்செவேலென்றிருந்தது.

"கண்ணு என்னாச்சு?"

"அழுதது மதினி."

"அழுதா ரெண்டு கண்ணும்ல சிவக்கணும்."

ஆல்பின் ஜன்னல் வெளிச்சம் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண் பிரஷர் அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வருவது. அண்ணனுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்து ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் தேங்கும் நீர் வடிவதற்கு வழி செய்துவிட்டு டாக்டர் எச்சரித்திருந்தார்: "அந்த எடத்துல சவ்வு ரொம்ப மெல்லிசு. எத்தனை வருசம் ஆனாலும் கிருமி உள்ள போகலாம். செவந்தா அன்னைக்கே வாங்க."

ஞானசீலன் போகவில்லை. மெட்ராஸ் ஐ என்று சொல்லி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டார். உள்ளே சீழ் பிடித்து அந்தக் கண்ணில் பார்வை போயிற்று. முந்தாநாள் காளவாசலில் அந்தப் பக்கமிருந்து வந்த வேனை அவர் பார்க்கவேயில்லை.

"கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

"அடக்கம் முடியட்டும் மதினி. நாளைக்குப் போறேன்."

"அவரும் நாளைக்குன்னுதான் சொன்னாரு."

நாத்தனார் ஆன்மேரி எழுந்து வந்தாள். "புருசன் பெட்டியில கெடக்கான், நீ எங்கடி போற? ஒம் மகனை அனுப்பு."

"டோனி கூடப் போனா பாதி வழியில எறங்கித் திரும்பி வந்துருவாரு இவரு. எம்புட்டுச் சொன்னாலும் கேக்காத ஆளுக. சொல்லிச் சொல்லியே என் உசுரு போகுது!"

பெட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்த ஜெபம் நின்றுபோனது. அவள் ஆல்பினைப் பார்த்துக் கத்தவில்லை, பெட்டியைப் பார்த்துத்தான் கத்தினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கோச்சடை தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தினாள். ஆல்பின் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தாள்.

"கிருமி இன்னும் உள்ள எறங்கல. நல்லவேளை, இன்னைக்கே கூட்டிட்டு வந்தீங்க. அட்மிஷன் போட்டுரலாம்."

நல்லவேளை. விக்டோரியா தலையை மட்டும் ஆட்டினாள்.

போன் அடித்தது. டோனி.

"அம்மா, ஃபாதர் வந்துட்டாரு. இருட்டுறதுக்குள்ள கல்லறைக்குப் போகணும்கிறாரு. நீங்க வர எம்புட்டு நேரமாகும்?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அம்மா... பெட்டிய மூடிறவா?"

"மூடுப்பா."

நர்ஸ் சொட்டு மருந்தோடு வந்து ஆல்பினின் இமையை விரித்தாள். "தலையைப் பிடிச்சுக்கங்கம்மா."

விக்டோரியா போனை மடியில் போட்டுவிட்டு, கொழுந்தனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் தெளித்த சென்ட் அவள் விரல்களில் இன்னும் மணத்தது.

"ஆடாதீங்க" என்றாள்.