மூச்சை விட்டபின் எடுத்த அளவு

1.

இந்தக் கதை ஒரு இஞ்ச் டேப்பிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் பெயர் கார்மேகம். துபாயில் ஒரு நாடக அரங்கின் உடைப்பிரிவில் தையல் மாஸ்டர். ரூம் சத்வா ஏரியாவில்.

முதல் தொடக்கம்: ‘இல்டிகோ அம்மையார் பத்தொன்பது வயதில் புடாபெஸ்ட் மேடையில், கூட்டப் பாடகியாக மூன்றாம் வரிசையில்—’ [பேப்பர் செய்தி மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: ‘அவர் பாடினால் கண்ணாடி—’ [பொய். கண்ணாடி எதுவும் உடையவில்லை. கையிலிருந்த ஊசியை எங்கே குத்துவது என்று எனக்கு மறந்துபோனது.]

2.

இல்டிகோ அம்மையாரின் விவரங்களை வரிசையாகத் தருகிறேன். பதினோரு வருடம், நாயகிக்கு உடம்பு முடியாத நாட்களில் மட்டும் அவள் இடத்தில் பாடியவர். பிறகு வியன்னா, ஹாம்பர்க். எல்லா நாளும் நாயகி. இப்போது ஐம்பத்து மூன்று வயது. எங்கள் இசை நாடகத்தில் அவர் ராணி. கடைசிப் பாட்டின் உச்ச சுரத்தைப் பதினெட்டு எண்ணும்வரை அறுபடாமல் பிடித்து நிற்பார். எண்ணியிருக்கிறேன்.

ராணியின் புது உடைக்கு அளவெடுத்தது நான். மூச்சை விட்டுவிட்டு அசையாமல் நிற்கச் சொன்னேன். ஊரில் சட்டைக்கு அப்படித்தான் பழக்கம். கச்சிதமாக வந்தது.*

(*கச்சிதம் என்பது என் சொல். அவர் விலாவுக்கு அது இரும்புப் பட்டை.)

புது உடையோடு நடந்த ஒத்திகையில் அந்தச் சுரம் ஆறிலேயே அறுந்தது. மாற்று நடிகையைத் தயாராக இருக்கச் சொன்னார் டைரக்டர்.

3.

மறுநாள் உடைப்பிரிவுத் தலைவி ஜொஹரா கூப்பிட்டார். கீழக்கரைக்காரர்.

“அண்ணே, அந்தம்மா உங்களக் காட்டிக்குடுக்கல. டிரெஸ் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் வயசாயிருச்சுன்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டாங்க.”

“டிரெஸ்ஸா காரணம்?”

“என்னையக் கேட்டா? டேப்ப எடுத்துட்டுப் போயிப் பாருங்க. இருவது வருச மாஸ்டராம்.”

போனேன். “இப்போது மூச்சை உள்ளே இழுங்கள், மேடம்.”

குடை விரிவதுபோல விலா விரிந்தது. டேப் என் விரல்களிலிருந்து தானாக நழுவி ஓடியது. முதல் அளவைவிட இரண்டே முக்கால் இஞ்ச் கூடுதல். பிறகு சாதாரணச் சட்டையில் அப்படியே நின்று பாடிக் காட்டினார். பதினெட்டு. [இங்கே ஒரு பத்தி இருந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை.]

“டைரக்டரிடம் சொல்லிவிடுகிறேன்” என்றேன்.

“கலாஸ், மாஸ்டர். முடிந்தது, விடுங்கள். உங்கள் விசா என்ன ஆகும்?” என்றார். முன்பின் பழகாத எனக்காக ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

4.

முடிவு அ: நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். வேலை நிலைக்கிறது. முப்பத்து நான்கு வருடப் பாட்டு, ‘வயசாயிருச்சு’ என்ற ஒரு சொல்லில் முடிந்து— [எழுதிப் பார்த்தேன். கை ஒப்பவில்லை.]

முடிவு ஆ: இதை நான் எழுத முடியாது. இந்தப் பக்கங்களை ஜொஹரா இங்கிலீஷில் மாற்றிக்கொண்டிருக்கிறார். டைரக்டர் சார், வாசகர் என்று நான் நினைத்து எழுதியது உங்களைத்தான். தவறு என் டேப்பில். அவர் தொண்டையில் இல்லை. விலாவின் இரண்டு பக்கமும் துணி வைத்து உடையைப் பெரிதாக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஷோவுக்கு ஹேங்கரில் தொங்குகிறது. உடுத்துபவர் பெயரைக் குத்தும் சீட்டு இன்னும் காலியாக இருக்கிறது.

நீங்கள் எழுதப் பேனா பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.